இரண்டு மீட்டர் ஆழம் என்று சொல்லி விற்கப்பட்ட மெட்டல் டிடெக்டர்: நாணயம் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் தவறிக் கிடக்கும் நாணயங்களைத் தேடும் ஆர்வத்தில் முதல் மெட்டல் டிடெக்டரை வாங்கவிருப்பவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். கருவி, அதன் முனையில் மாட்டித் தரைமேல் வீசும் தட்டு போன்ற பெரிய சுருள், பின்பாயிண்டர் என்ற கைக்கருவி என்று ஒரே விற்பனையாளரிடம் மூன்று முறை ஏமாந்தேன். நான்காவது முறை ஏமாறுவதற்குச் சற்று முன்னால்தான் விழித்துக்கொண்டேன். அவருடைய பெயரையோ கடையின் பெயரையோ இங்கே சொல்லப் போவதில்லை. அவர் விற்ற முறையைத் தெரிந்துகொண்டால், அதே முறை வேறு எந்தப் பெயரில் வந்தாலும் உங்களால் அடையாளம் காண முடியும்.

என்னை விழ வைத்தது, விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்த "இரண்டு மீட்டர் ஆழம் வரை" என்ற வரி. கடைக்குச் சென்றபோது விற்பனையாளர் ஒரு மரமேசையின் மேல் பெரிய, புத்தம் புதிய நாணயம் ஒன்றை வைத்து, அதற்கு ஒரு சாண் உயரத்தில் சுருளை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினார். பீப் ஒலி கணீரென்று எழுந்தது; முகப்பில் இருந்த முள், "வெள்ளி" என்று எழுதியிருந்த கட்டத்துக்குத் தாவியது. சுற்றிலும் ஆணி இல்லை, தகரம் இல்லை, மண்ணும் இல்லை. வெறும் காற்றில், ஒரே ஒரு பொருளின் மேல் நடந்த சோதனை அது. காற்றிலேயே ஒரு சாண்தான் எட்டுகிறது என்றால் மண்ணுக்குள் இரண்டு மீட்டர் எப்படி எட்டும் என்ற கேள்வி அந்த நேரத்தில் எனக்கு எழவே இல்லை. கண்ணெதிரே ஒரு சாணைப் பார்த்துவிட்டு இரண்டு மீட்டருக்குத் தலையாட்டிய என் புத்திசாலித்தனத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, விடுமுறை நாளொன்றில் மைதானத்தில் இறங்கினேன். (அனுமதி எதுவும் தேவையில்லை, பொது இடம்தானே என்று விற்பனையாளர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சையும் நம்பாதீர்கள். பள்ளியோ பூங்காவோ, நிலத்தைப் பராமரிப்பவரைக் கேட்காமல் அங்கே மண்ணில் கை வைக்கக் கூடாது.) மூன்று மணி நேரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் தோண்டினேன். மிட்டாய் சுற்றிய அலுமினியத் தாள்கள், குளிர்பான டின்களின் இழுப்பு வளையங்கள், பாட்டில் மூடிகள், பென்சிலின் பின்முனையில் அழிப்பானைப் பிடித்திருக்கும் மெல்லிய உலோக வளையங்கள், முறிந்துபோன காம்பஸின் கால் ஒன்று ஆகியவை கிடைத்தன. ஒவ்வொரு அலுமினியத் தாளுக்கும் முள் "தங்கம்" என்று காட்டியது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே நாணயம் புல்லின் மேலேயே கிடந்தது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் எடுத்தேன்.

அந்த முள் ஏன் அப்படிப் பொய் சொல்கிறது என்பதைக் கடையில் யாரும் எனக்கு விளக்கவில்லை என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நாணயம் தேடுவோர் பயன்படுத்தும் கருவிகளில் பெரும்பாலானவை, சில கிலோஹெர்ட்ஸ் முதல் சில பத்து கிலோஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த அதிர்வெண்ணில் ஒரு சுருளின் வழியாக மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புலத்துக்குள் வரும் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றுகின்றன. அவை உண்டாக்கும் சிறு புலத்தை இன்னொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. பொருள் எது என்று ஊகிக்கக் கருவி முக்கியமாக நம்புவது, அனுப்பிய அலைக்கும் திரும்பி வந்த அலைக்கும் இடையில் எவ்வளவு பின்னடைவு இருக்கிறது என்பதைத்தான். அந்தப் பின்னடைவு உலோகத்தின் மின்கடத்துத் திறனை மட்டுமல்லாமல் பொருளின் பருமனையும் தடிமனையும் வடிவத்தையும் சேர்த்தே பொறுத்தது. ஆகவே ஒரு மெல்லிய தங்க மோதிரமும், ஒரு இழுப்பு வளையமும், கசங்கிய அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டக்கூடும். இதைத் தெரிந்தவர்கள் முகப்பில் எண்களைப் போட்டு, எந்த எண்ணில் என்னென்ன பொருள் வரக்கூடும் என்பதைப் பயன்படுத்துபவரே பழகிக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். "தங்கம்" என்று எழுதி அதன் மேல் முள்ளை ஆடவிடுவது விற்பனை உத்தி.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆணிகளின் தொல்லை தாங்காமல், இரும்பைப் புறக்கணிக்கும் டிஸ்கிரிமினேஷன் திருகை முழுவதும் திருப்பிவிட்டேன். அதன் பிறகு கருவி சில நாணயங்களையும் சேர்த்தே புறக்கணித்தது. இன்றைய நாணயங்களில் பல இரும்பு சார்ந்தவை. பிரிட்டனின் ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் நாணயங்கள்கூட 1992 முதல் செம்பு முலாம் பூசிய எஃகினால் செய்யப்படுபவை. மறுபுறம், 75 சதவீதம் செம்பும் 25 சதவீதம் நிக்கலும் கலந்த அமெரிக்க ஐந்து சென்ட் நாணயம், சரியாக இழுப்பு வளையங்கள் காட்டும் எண்களின் நடுவிலேயே வந்து உட்காரும். எனவே கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், நீங்கள் தேடப்போகும் நாணயங்கள் எந்த உலோகத்தால் ஆனவை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் அந்தக் கேள்வியை விற்பனையாளர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்தக் கருவியை எனக்கு விற்றிருக்க முடியாது.

புகாரோடு திரும்பிச் சென்றபோது, "உங்கள் மண் சரியில்லை, பெரிய சுருள் போட்டால் ஆழம் கூடும்" என்றார் அவர். அதையும் வாங்கினேன், இது என் இரண்டாவது தவறு. பெரிய சுருள் திறந்த வயல்வெளிக்குப் பயன்படலாம். குப்பை நிறைந்த பூங்காவில் அதன் கீழே ஒரே நேரத்தில் நாலைந்து பொருள்கள் வந்துவிடுகின்றன; நாணயத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி கிடந்தால் ஆணியின் குரல் நாணயத்தின் குரலை விழுங்கிவிடுகிறது. பள்ளி மைதானத்தில் நிலைமை இன்னும் மோசம். பிள்ளைகளின் சட்டைப்பையிலிருந்து காசு விழக்கூடிய இடங்கள் ஊஞ்சலும் சறுக்குமரமும் ஏறுகம்பிகளும்தான். அவற்றின் இரும்புக் கால்களுக்கு அரை மீட்டர் தொலைவில் வந்ததுமே பெரிய சுருள் ஓலமிடத் தொடங்கிவிடும். 1881இல், சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் புதைந்திருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் உலோகம் உணரும் கருவியோடு வந்தபோது, மெத்தைக்கு அடியில் இருந்த எஃகுச் சுருள்கள் குறுக்கிட்டதை அவர் முதலில் அறிந்திருக்கவில்லை. குண்டு கிடைக்கவும் இல்லை. ஊஞ்சல் கால்களுக்கு நடுவே நின்ற எனக்கு அவர் மேல் ஒரு பரிவே உண்டாயிற்று. அங்கே தேவைப்பட்டது 15 செ.மீ. அளவுள்ள சிறிய சுருள். என் கையில் இருந்ததோ அதைப் போல் இரண்டரை மடங்கு அகலமானது.

அடுத்த முறை சென்று, இரண்டு மீட்டர் என்ற வாக்குறுதி என்ன ஆயிற்று என்று நேரடியாகவே கேட்டேன். சற்றும் தயங்காமல், "அது பீப்பாய் அளவுள்ள பொருளுக்கு, நாணயத்துக்கு என்று நான் எப்போது சொன்னேன்?" என்று பதில் வந்தது. விளம்பரத்தை எடுத்துப் பார்த்தேன். நாணயத்துக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லைதான், ஆனால் அந்த வரிக்குக் கீழே இருந்த படம் நாணயங்களுடையது. கணக்கு மிகவும் கறாரானது: சுருளின் அளவோடு ஒப்பிடும்போது தொலைவில் இருக்கும் ஒரு சிறு பொருளிடமிருந்து வரும் எதிரொலி, தொலைவின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது தொலைவு இரண்டு மடங்கானால் எதிரொலி அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். நாணயத்தைப் பொறுத்தவரை ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக எட்டினாலே அது நல்ல கருவி. மீட்டர் கணக்கில் பேசுபவர் நாணயத்தைப் பற்றிப் பேசவில்லை என்று கொள்ளுங்கள். அதோடு, பூங்காவிலும் பள்ளியிலும் அண்மைக் காலத்தில் விழுந்த காசுகள் பெரும்பாலும் விரல் நீள ஆழத்துக்குள்ளேயே கிடக்கின்றன என்பதால், அங்கே ஆழத்தைத் துரத்த வேண்டிய தேவையே குறைவு.

என்னைச் சமாதானப்படுத்த அவர் சலுகை விலையில் கொடுத்த பின்பாயிண்டரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தோண்டிய குழிக்குள் நாணயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும் கைக்கருவி அது. பெயர் பெற்ற ஒரு தயாரிப்பாளரின் முத்திரையோடு இருந்தது. ஈரமான மண்ணில் இரண்டாம் நாளே ஊமையாகிவிட்டது. வரிசை எண்ணைத் தயாரிப்பாளருக்கு அனுப்பியபோது, அப்படி ஓர் எண் தங்கள் பதிவில் இல்லை என்று எழுதினார்கள். உத்தரவாதமும் அதோடு முடிந்தது. புகழ்பெற்ற கருவிகளுக்குப் போலிகள் நிறையவே உலவுகின்றன. வாங்கும் முன்பே வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி, தயாரிப்பாளரிடம் சரிபார்ப்பதில் எந்தச் சங்கடமும் பட வேண்டாம். அதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் விற்பனையாளரிடமிருந்து அப்படியே திரும்பிவிடலாம்.

நான்காவது முறை அவர் ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார். என் கருவியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், மேலும் பணம் சேர்த்துக் கொடுத்தால் அரை கிலோமீட்டர் தொலைவில் உள்ள தங்கத்தையும் காட்டும் "நீண்ட தூரக் கருவி" ஒன்றைத் தருவதாகவும் சொன்னார். கைப்பிடியில் ஆன்டெனா போன்ற கம்பி ஒன்று சுழன்றாடும் பெட்டி அது. நல்லவேளையாக அந்த வகைப் பெட்டிகளின் வரலாற்றை அதற்குள் படித்திருந்தேன். 1990களில் அமெரிக்காவில் குவாட்ரோ டிராக்கர் என்ற பெயரில், மின்கலமே இல்லாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி, போதைப்பொருளையும் ஆயுதத்தையும் தேடித் தரும் என்று காவல் துறைகளுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் விற்கப்பட்டது. உள்ளே செயல்படும் பாகம் எதுவும் இல்லை என்பது ஆய்வில் தெரிந்து, 1996இல் நீதிமன்றம் அதன் விற்பனையைத் தடை செய்தது. அதற்குப் பின்னும் அதே வித்தை ஓயவில்லை: கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானை மாதிரியாகக் கொண்ட ஏ.டி.இ. 651 என்ற கருவியை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று ஈராக் உட்படப் பல நாடுகளுக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு, 2013இல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இவற்றையெல்லாம் விற்பனையாளரிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது வைத்திருக்கும் கருவியை வாங்கும்போது, மேசைச் சோதனையை நானே நடத்தினேன். அந்த மைதானத்தில் தோண்டி எடுத்த குப்பையிலிருந்து துருப்பிடித்த ஆணி, பாட்டில் மூடி, இழுப்பு வளையம், அலுமினியத் தாள் ஆகியவற்றையும், நான் தேடும் வகையான மூன்று நாணயங்களையும் ஒரு சிறு பையில் போட்டு எடுத்துச் சென்றேன். நாணயத்தைத் தனியே வைத்துக் காட்டுவதை எந்தக் கருவியும் செய்யும். நாணயத்துக்கு நான்கு விரல் தள்ளி ஆணியை வைத்துவிட்டு, சுருளை மெதுவாகவும் பிறகு வேகமாகவும் அசைத்தால்தான் கருவியின் தரம் தெரியும். இதற்காகப் போன முதல் கடையில் ஆணி வந்ததும் நாணயம் காணாமல் போயிற்று. இரண்டாவது இடத்தில், பழைய கருவியை விற்க வந்த ஒருவரிடம், ஆணியின் உறுமலுக்கு நடுவே நாணயத்தின் உயர்ந்த ஒலி வெட்டிக்கொண்டு தனியே கேட்டது. அதை வாங்கினேன். எண்கள் காட்டும் முகப்பு, மண்ணுக்கேற்பச் சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ், மாற்றிப் போடக்கூடிய சிறிய சுருள், ஹெட்போன் ஆகியவை அதில் இருக்கின்றன. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவு என்பதால் இரண்டு மணி நேரம் வீசினாலும் தோள் வலிப்பதில்லை. பாட்டில் மூடிகள் இன்னமும் சில நேரங்களில் என்னை ஏமாற்றுகின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; அதை எந்த விலைக் கருவியும் முழுமையாகத் தீர்த்ததாகத் தெரியவில்லை.

முதலில் ஏமாந்து வாங்கிய கருவிக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. உறை பிரித்த பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதின் பின்புறம் சிறிய எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். கடையிலேயே உறையைப் பிரித்து எனக்குச் செய்து காட்டியவர் அந்த விற்பனையாளர்தான் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற வாரம் அதே விளம்பரத்தை மறுபடியும் பார்த்தேன். நாணயங்களின் படம் அப்படியே இருக்கிறது, கருவியும் மாறவில்லை, தங்கத்துக்குத் தாவும் முள்ளும் அதேதான். இரண்டு மீட்டர் என்று இருந்த இடத்தில் மட்டும் இப்போது மூன்று மீட்டர் என்று போட்டிருக்கிறார்கள்.