“காட் எரிஞ்சு போச்சு” என்று சொல்லி விற்கிறார்கள்: திருகோணமலையில் லினக்ஸ் பாவிப்போர் கவனத்திற்கு

நகரில் உள்ள ஒரு கணினி திருத்தும் கடை, எந்தப் பழுதும் இல்லாத கிராபிக்ஸ் காட்டை எரிந்துவிட்டதாகச் சொல்லி, அதைவிடப் பழைய, வலுக்குறைந்த காட் ஒன்றைப் புதியதென்று என் அக்காவுக்கு விற்றிருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய கணினியைத் திருத்தக் கொடுக்க இருப்பவர்கள் அதற்கு முன் இதை வாசித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அக்கா உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே திருமண, பூப்புனித நீராட்டு விழாக் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பவர். அவருடைய கணினியில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்பும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 காட்டும் இருந்தன. வழமையான அப்டேட் ஒன்றுக்குப் பிறகு கணினியை இயக்கியபோது திரை 1024 × 768 அளவில், பெருத்த எழுத்துகளுடன் நின்றுவிட்டது. தொகுப்பு மென்பொருளும் திறக்கவில்லை. நான் அப்போது வேலை காரணமாக மட்டக்களப்பில் இருந்தேன். விழா வீட்டார் அவசரப்படுத்தியதால் அக்கா கணினியைக் கடைக்குக் கொண்டுபோனார். “அக்கா, காட் எரிஞ்சு போச்சு. லினக்ஸ் போட்டா சூடேறி இப்பிடித்தான் வரும்” என்று சொன்ன கடைக்காரர், வேறொரு காட்டுக்கும், விண்டோஸ் ஏற்றிய சிறிய எஸ்எஸ்டி ஒன்றுக்கும், கூலிக்குமாக 46,000 ரூபா வாங்கியிருக்கிறார்.

ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது ஜிடி 730. 2014இல் சந்தைக்கு வந்த அந்தக் காட்டை, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650க்கு மாற்றாகப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. புதியதென்று விற்ற அந்தக் காட்டின் காற்றாடி இதழ்களுக்குக் கீழே சாம்பல் நிறத் தூசி படிந்து இறுகியிருந்தது. மதர்போர்டில் செருகும் பொன்னிற விளிம்பில் பலமுறை கழற்றிப் பூட்டிய கீறல்கள் தெரிந்தன.

பழைய காட்டைக் கழிவென்று கடையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். நேரில் போய் வற்புறுத்தி வாங்கி வந்து, அதையும் பழைய வன்தட்டையும் மீண்டும் பூட்டினேன். கணினி தொடங்கும்போது எதை ஏற்றுவதென்று கேட்கும் கிரப் பட்டியலில் மேலதிகத் தெரிவுகளுக்குள் சென்று முந்தைய கேர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்பை, தெரிவு செய்ததும் திரை முழு அளவில், பழுதின்றி வந்தது. அக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. எரிந்த காட் இப்படி வேலை செய்யாது.

நடந்தது இதுதான். அப்டேட்டில் புதிய கேர்னல் வந்திருக்கிறது. அதற்கேற்ப டிரைவரைக் (காட்டை இயக்கும் மென்பொருளை) கட்டத் தேவையான ஹெடர் பொதி நிறுவப்படவில்லை. என்விடியா டிரைவரை ஒவ்வொரு கேர்னலுக்கும் ஏற்றபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ் என்ற கருவி, ஹெடர் இல்லாமல் அதைக் கட்ட முடியாது. என்விடியா டிரைவரை நிறுவும்போதே, லினக்ஸுடன் வரும் நூவோ டிரைவர் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டுவிடுவதால், அதுவும் கைகொடுக்க வராது. இரண்டும் இல்லாத நிலையில் கணினி அடிப்படைத் திரையை மட்டும் காட்டும். ஹெடர் பொதியை நிறுவி டிரைவரை மீண்டும் கட்டியதும் புதிய கேர்னலிலும் எல்லாம் சரியாகிவிட்டது. இதற்கு ஒரு ரூபாவும் செலவில்லை.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் சிக்யூர் பூட் பாதுகாப்பு இயங்கும் கணினிகளில் இன்னொரு காரணமும் உண்டு. டிரைவரை நிறுவிய பின் முதல்முறை தொடங்கும்போது எம்ஓகே என்ற நீலத் திரை 10 விநாடிகள் மட்டும் வரும். அதில் டிரைவரின் கையொப்பத்துக்குரிய சாவியைப் பதியாமல் விட்டால், டிரைவர் சரியாகக் கட்டப்பட்டிருந்தாலும் கேர்னல் அதை ஏற்காது. இதையும் காட் பழுதென்று சொல்லிப் பணம் பறிப்பது மிக எளிது.

ஆகவே, காட் எரிந்துவிட்டதென்று யாராவது சொன்னால், பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டில் நேரடியாகத் திரையை இணைத்தால் மதர்போர்டின் தொடக்கச் சின்னம் தெரிகிறதா? டெர்மினலில், பூட்டிய பாகங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை காட்டின் பெயரைக் காட்டுகிறதா? பழைய கேர்னலில் எப்படி இயங்குகிறது? இன்னொரு கணினியில் பூட்டினால் என்ன வருகிறது? இன்னொரு கணினியில் பூட்டிக் காட்ட மறுக்கும் கடையில் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள். கழற்றிய பாகம் உங்களுடையது. அதைத் திருப்பிக் கேளுங்கள். கணினியைத் திருத்தக் கொடுக்கும் முன் காட்டின் தொடர் இலக்கத்தைப் படம் எடுத்து வைப்பதும் நல்லது.

பற்றுச்சீட்டில் “கிராபிக்ஸ் காட் 1” என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். மாதிரி இலக்கமும் இல்லை, உத்தரவாதக் காலமும் இல்லை. அக்காவைப் போல் தொழிலுக்காகக் கணினியை நம்பியிருக்கும் ஒருவரிடம் இப்படி நடந்துகொண்டது எனக்குப் பெரும் கோபத்தைத் தருகிறது. காட்டைத் திருப்பி எடுக்கக் கடை மறுத்துவிட்டதால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் விசாரிக்க 1977ஐ அழைக்கலாம். இதே முறையில் ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டையும் மாற்றிப் போட்ட காட்டின் படத்தையும் முறைப்பாட்டுடன் சேர்த்து அனுப்புங்கள்.