விழுந்து உடைந்த செடிகளுக்கு ஒரு மீட்புப் பெட்டி: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சுவரில் பொருத்தியிருந்த அலமாரித் தட்டின் திருகாணிகள் ஓர் இரவில் பிடி விட்டுப் போனதில், அதன்மேல் இருந்த நான்கு தொட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விழுந்தன. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, ரப்பர் செடியின் தண்டு நடுவில் ஒடிந்து ஒரு பக்கத்துப் பட்டையில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டிய இடத்தில் வடிவது போலவே ஒடிந்த இடத்திலிருந்து பால் தரையில் சொட்டியது. மணி பிளான்ட்டின் நீண்ட கொடி மூன்று இடங்களில் முறிந்திருந்தது. ஸ்நேக் பிளான்ட்டின் உயரமான இலையொன்று அடியோடு ஒடிந்திருந்தது. பீஸ் லில்லியின் இலைகளில் பெரிய சேதம் எதுவும் தெரியவில்லை, ஆனால் மண்கட்டி சிதறி வேர்களில் ஏறக்குறைய பாதி அறுந்துபோயிருந்தது. மேலுக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் செடியே நான்கிலும் மோசமாக அடிபட்டிருந்தது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாளே, வாடிய செடிகளையும் உடைந்த செடிகளையும் மீட்பதற்கென்று விற்கப்படும் ஒரு பெட்டியை வரவழைத்தேன். அதில் உலர்ந்த ஸ்பேக்னம் பாசி, வேர் ஊக்கித் தூள், பெர்லைட், ஒட்டுக்கட்டும் நாடா, ஒரு புட்டி சத்துத் திரவம், நான்கு பக்கக் கையேடு ஆகியவை இருந்தன. நான்கு மாதங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். முதல் வாரத்திலேயே எழுதியிருந்தால் இந்த மதிப்புரை தலைகீழாக இருந்திருக்கும். ஏனென்றால் அடிபட்ட செடி முதல் வாரத்தில் எதைச் செய்தாலும் வாடும், எதைச் செய்யாவிட்டாலும் சில நாள்களுக்குப் பச்சையாகவே நிற்கும்.

பெட்டியின் விலைக்குரிய மதிப்பு முழுவதும் அந்தப் பாசியில்தான் இருக்கிறது. ஸ்பேக்னம் என்பது சதுப்புநிலங்களில் வளரும் பாசி வகை. அதன் இலைகளில் உயிருள்ள சிறு செல்களுக்கு இடையே, உள்ளீடற்ற, துளைகள் கொண்ட பெரிய இறந்த செல்கள் நிறைந்திருக்கின்றன. இந்த வெற்றுச் செல்களே நீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், தன் உலர்ந்த எடையைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு நீரை அது தாங்கும். முதல் உலகப் போரின்போது பஞ்சுக்குப் பற்றாக்குறை ஏற்பட்டபோது, வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப்போட இந்தப் பாசியைத்தான் பெருமளவில் பயன்படுத்தினார்கள். செடிக்கு இதனால் கிடைக்கும் நன்மை நீர் மட்டுமன்று. பிழிந்த பாசியின் இழைகளுக்கு இடையே காற்றும் தங்குகிறது. புதிய வேர் முளைப்பதற்கு ஈரமும் காற்றும் ஒரே இடத்தில் வேண்டும். வெறும் தண்ணீரில் காற்று குறைவு. காய்ந்த மண்ணில் ஈரம் இல்லை. நனைந்து இறுகிய மண்ணில் அழுகல் வந்துவிடுகிறது.

பெட்டியில் வந்த பாசி நீளமான இழைகளாக, குச்சியும் தூசியும் அதிகமில்லாமல், வைக்கோல் நிறத்தில் இருந்தது. அரை மணி நேரம் ஊறவைத்து, கைப்பிடிக்குள் வைத்து அழுத்தினால் ஒரு சொட்டுக்கூட விழாத அளவுக்குப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். முதல் முறை நான் அரைகுறையாகப் பிழிந்ததால் மணி பிளான்ட்டின் ஒரு துண்டு ஐந்தே நாளில் கருத்து அழுகியது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: ஸ்பேக்னம் பாசியில் வாழும் ஒரு பூஞ்சை, கையில் கீறலோ வெட்டோ இருந்தால் அதன் வழியாகப் புகுந்து தோல்நோயை உண்டாக்கக்கூடும். எனவே கையுறை போட்டுக்கொள்வது அவசியம். பெட்டியில் கையுறையும் இல்லை, கையேட்டில் ஓர் எச்சரிக்கை வரியும் இல்லை. உடைந்த மண்தொட்டித் துண்டுகளைப் பொறுக்கிய கையோடு பாசியை எடுப்பவர்கள்தாம் இந்தப் பெட்டியை வாங்குகிறார்கள் என்பதால், இதைச் சிறு குறையாக என்னால் கருத முடியவில்லை.

ரப்பர் செடியில்தான் பாசியின் திறமையை நேரில் பார்த்தேன். ஒடிந்த தண்டில் மூன்றில் ஒரு பங்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்ததால், மேற்பகுதிக்குச் சிறிதளவு நீர் போய்க்கொண்டிருந்தது. முதலில் ஈரத்துணியால் பாலைத் துடைத்து, அது நிற்கும்வரை காத்திருந்தேன். பால் வடியும்போது எந்தத் தூளும் காயத்தில் நிற்பதில்லை. பிறகு ஒடிந்த பாகங்களைப் பழையபடி பொருத்தி, இரு பக்கமும் சிறு குச்சிகளை அணைத்து, நாடாவால் கட்டினேன். கட்டுக்கு வெளியே தெரிந்த காயத்தின் விளிம்பில் வேர் ஊக்கித் தூளைத் தடவி, அதைச் சுற்றி ஒரு பிடி பாசியை வைத்து, தெளிவான பிளாஸ்டிக் தாளால் மூடி மேலும் கீழும் இறுக்கினேன். இது விண்பதியம் போடும் முறையேதான். தண்டு ஒட்டினால் நல்லது, ஒட்டாவிட்டால் அந்த இடத்திலேயே வேர் வரட்டும் என்ற இரட்டை ஏற்பாடு அது. கையேட்டில் நாடாவைப் பற்றித் தனியாகவும் பாசியைப் பற்றித் தனியாகவும் எழுதியிருக்கிறார்களே தவிர, இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று எங்கும் குறிப்பிடவில்லை.

மேற்பகுதியின் அடி இலைகள் இரண்டு மஞ்சளாகி உதிர்ந்தன. ஐந்தாம் வாரம் வரை வேறு மாற்றமே இல்லை. ஆறாம் வாரத்தின் ஒரு காலையில், தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் படிந்திருந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தபோது, பாசிக்குள் இருந்து நூல் பருமனுள்ள மூன்று வேர்கள் தாளைத் தொட்டு வளைந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் நுனிகள் மெழுகு போல வெளிறியிருந்தன. ஒன்பதாம் வாரத்தில் வேர்களுக்குக் கீழே வெட்டி, பாசியைப் பிய்த்தெடுக்காமல் அப்படியே சிறு தொட்டியில் நட்டேன். பாசியைப் பிரித்தெடுக்க முயன்றால் இளவேர்கள் அதோடு அறுந்துவிடும். அடித்தண்டிலும், உச்சி போய்விட்டதால், பக்க மொட்டுகள் இரண்டு துளிர்த்தன. இப்போது ஒரு செடி இரண்டாக நிற்கிறது.

நாடா நன்றாக இழுபடுகிறது, தண்டை நெரிப்பதில்லை. ஆனால் "எந்தச் செடியின் ஒடிந்த தண்டுக்கும்" என்று கையேடு சொல்வது தவறு. ரப்பர் செடி போன்ற இருவித்திலைத் தாவரங்களின் பட்டைக்கு அடியில், புதிய செல்களை உண்டாக்கும் மெல்லிய வளர்திசு வளையம் ஒன்று உண்டு. இரு பக்கத்து வளையங்களும் தொட்டுக்கொண்டால் காயம் கூடிவிட வாய்ப்பிருக்கிறது. மணி பிளான்ட்டும் ஸ்நேக் பிளான்ட்டும் பீஸ் லில்லியும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றில் நீர்க்குழாய்கள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன, அந்த வளையம் இல்லை. ஆகவே கட்டுப்போட்டு ஒட்டவைக்க முடியாது. கையேட்டை நம்பி மணி பிளான்ட்டின் ஒரு முறிவில் நாடா சுற்றி ஒரு வாரத்தை வீணாக்கினேன். கட்டுக்கு மேலிருந்த இலைகள் துவண்டு தொங்கின. பின்னர் ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவாவது இருக்குமாறு வெட்டி, கணுவைப் பாசிக்குள் புதைத்து வைத்தேன். மணி பிளான்ட்டில் வேரும் துளிரும் கணுவிலிருந்துதான் வரும். கணு இல்லாத இலைத்துண்டு வேர் விட்டாலும் கொடியாக வளராது. ஆறு துண்டுகளில் ஐந்து மூன்று வாரத்திற்குள் வேர்விட்டன.

வேர் ஊக்கித் தூளின் மூலப்பொருள் இண்டோல் பியூட்டரிக் அமிலம். 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்ப்ஸன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சிம்மர்மனும் வில்காக்ஸனும் இது வேர்களை முளைக்கச் செய்கிறது என்று காட்டிய பிறகு, உலகெங்கும் நாற்றங்கால்களில் இது பயன்பாட்டிற்கு வந்தது. பெட்டியில் உள்ளது 0.1 சதவீதத் தூள்; இளந்தண்டுகளுக்கு அது போதும், முற்றிய மரத்தண்டுக்கு அதைவிட வலுவானது தேவைப்படும். மணி பிளான்ட்டில் தூள் தொட்ட மூன்று துண்டுகளுக்கும் தொடாத மூன்றுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தானாகவே வேர்விடும் செடிக்கு இது தேவையில்லை என்றே நினைக்கிறேன். புட்டிக்குள் தண்டை நேராகத் தோய்க்கச் சொல்வது கையேட்டின் இன்னொரு பிழை. செடியின் ஈரமும் அதனோடு வரும் கிருமிகளும் மிச்சத் தூளைக் கெடுத்துவிடும். ஒரு சிட்டிகையைத் தாளில் தட்டிக்கொண்டு, அதில் தொட்டு, ஒட்டாத தூளை உதறிவிட வேண்டும்.

ஸ்நேக் பிளான்ட்டின் ஒடிந்த இலையைச் சாண் நீளத் துண்டுகளாக வெட்டினேன். எந்த முனை அடி, எந்த முனை நுனி என்பதை வெட்டும்போதே குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு கண்டுபிடிக்க முடியாது. தலைகீழாக நட்டால் வேர் வராது. வெட்டிய முகம் இரண்டு மூன்று நாள்கள் காய்ந்து தோல் கட்டிய பிறகே நட வேண்டும் என்பதையும் கையேடு சொல்லவில்லை. உடனே நட்ட துண்டு குழைந்துபோனது, காயவைத்து நட்ட இரண்டும் வேர்விட்டிருக்கின்றன. என் செடி மஞ்சள் விளிம்புள்ள வகை. இலைத்துண்டிலிருந்து வரும் கன்றுகளில் அந்த விளிம்பு வராமல் வெறும் பச்சையாகவே இருக்கும். விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும். அழகுக்காகவே அந்த வகையை வாங்கியவர்களுக்கு இதை முன்கூட்டியே தெரிவிப்பது விற்பவரின் கடமை.

சத்துத் திரவத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. "அதிர்ச்சியைப் போக்கும் பி1 வைட்டமின்" என்று புட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கத்துச் சிறு எழுத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகளும் கலந்திருப்பதாக இருந்தது. முதல் நாளே ஊற்றும்படி கையேடு சொன்னதால் பீஸ் லில்லிக்கு ஊற்றினேன். பத்து நாள்களுக்குள் இலைகளின் நுனிகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகிக் கருகின. பாதி வேர் அறுந்த செடிக்கு நீரை இழுப்பதே பெரும்பாடு. மண்ணில் உப்புச் செறிவு கூடினால் மிச்சமிருக்கும் வேர்களாலும் நீரை உறிஞ்ச முடியாமல் போகிறது. பி1 வைட்டமின் நம்பிக்கைக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1930களில் ஜேம்ஸ் பானர் என்ற தாவரவியலாளர், செடியிலிருந்து வெட்டியெடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த பட்டாணி வேர்நுனிகளுக்கு இந்த வைட்டமின் உதவுவதைக் கண்டார். ஆனால் இலைகளோடு கூடிய முழுச் செடி தனக்கு வேண்டிய பி1ஐத் தானே தயாரித்துக்கொள்கிறது. வெளியிலிருந்து ஊற்றுவதால் பயனில்லை என்பது பிந்தைய சோதனைகளில் தெரிந்துவிட்டது. ஆனாலும் புட்டிகள் இன்றும் விற்கின்றன.

பீஸ் லில்லியைக் காப்பாற்றியது பெர்லைட்தான் என்று சொல்லலாம். தொட்டியின் அடியிலிருந்து வழியும்வரை வெறும் தண்ணீரைப் பலமுறை ஊற்றி உப்பைக் கழுவி, அழுகிய வேர்களை வெட்டி, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் கலந்து, மிச்ச வேர்களின் அளவுக்கேற்ற சிறு தொட்டிக்கு மாற்றினேன். எரிமலைக் கண்ணாடியைச் சூடாக்கிப் பொரித்த இந்த வெண்மணிகள் மண்ணில் காற்றோட்டத்தைத் தருகின்றன. கொட்டும்போது எழும் தூசியைச் சுவாசிக்காதிருக்க முதலில் நனைத்துக்கொள்வது நல்லது. அதன் பிறகு செடியின்மேல் ஒரு தெளிவான பையைக் கவிழ்த்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, தினமும் சற்று நேரம் பையைத் திறந்து மூடினேன். இலையிலிருந்து நீர் ஆவியாவதைக் குறைத்தால்தான் குறைந்த வேர்களால் ஈடுகொடுக்க முடியும். செடி வாடித் தொங்கினாலும், மண்ணில் விரல்விட்டுப் பார்த்து ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. வேர் இல்லாமல் வாடும் செடியும் தாகத்தால் வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஏழாம் வாரத்தில் நடுவிலிருந்து சுருட்டிய பச்சைக் கொழுந்து ஒன்று தலைகாட்டியது. கருகிய இலைகளையும் முழுதாக வெட்டிவிடவில்லை; பச்சை இருக்கும்வரை அவை செடிக்கு உணவு தயாரிக்கின்றன என்பதால் நுனிகளை மட்டுமே நறுக்கினேன்.

பெட்டியை மறுபடி வாங்குவேனா என்று கேட்டால், வாங்க மாட்டேன். நீள இழைப் பாசியையும் பெர்லைட்டையும் தனித்தனியாக வாங்கி வைத்துக்கொள்வது மேல். மரத்தண்டுச் செடிகள் வளர்ப்பவர்கள் நாடாவையும் தூளையும் சேர்த்துக்கொள்ளலாம். கையேட்டைத் திருத்தும்படி விற்பனையாளருக்கு விரிவாக எழுதியிருக்கிறேன்: கையுறை எச்சரிக்கை, எந்தச் செடிக்கு நாடா உதவாது என்ற விளக்கம், புதிய துளிர் வரும்வரை உரம் வேண்டாம் என்ற ஒரு வரி ஆகிய மூன்றையும் சேர்த்தாலே வாங்குபவரின் செடிகள் பல பிழைக்கும். சத்துத் திரவத்தில் முக்கால் புட்டி மிச்சமிருக்கிறது. அதை, குறிப்பிட்ட அளவில் கால் பங்காக நீர்த்து, நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் மணி பிளான்ட்டுக்கு மட்டும் மாதம் ஒருமுறை ஊற்றுகிறேன்.