காமாக் கதிரூட்டிய எலித் தீவனம்: ஒரு மதிப்பீடு

கொழும்பிலுள்ள எமது ஆய்வுகூட விலங்கு இல்லத்தில் பயன்படுத்திவரும் இத்தீவனம் 25 கிலோகிரே (உறிஞ்சப்படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் காமாக் கதிரூட்டப்பட்டது. சல்மனெல்லா போன்ற பற்றீரியாக்களும் பூஞ்சைகளும் வெப்பமின்றியே அழிக்கப்படுவதால், 121 பாகை செல்சியசில் நீராவியால் கிருமிநீக்கிய தீவனத்தைப் போல இதன் உருண்டைகள் கல்லாக இறுகுவதில்லை. எலிகளும் விரும்பி உண்கின்றன. ஆயினும், பூஞ்சைகள் முன்னரே சுரந்துவிட்ட அஃப்லாரொக்சின் நஞ்சைக் கதிரூட்டல் முழுமையாக நீக்காது என்பதால், மூலப்பொருளின் தரத்தை விசாரித்தே வாங்க வேண்டும்.

புரதமும் கனியுப்புகளும் பெரிதும் மாறாதபோதும், விற்றமின் ஏ, ஈ, தயமின் (விற்றமின் பி1) ஆகியன குறைகின்றன. கொழுப்பும் ஓரளவு ஒட்சியேற்றமடைகிறது. இவ்விழப்பை ஈடுசெய்ய விற்றமின்களை மேலதிகமாகச் சேர்த்திருப்பது மிகவும் பாராட்டத்தக்கது. கதிரூட்டிய பின் எஞ்சும் அளவைப் பொதியில் அச்சிடாதிருப்பதோ, ஊட்டச்சத்து ஆய்வாளர்களுக்குப் பெருங்குறையாகும்.