த்ரீடி ஸ்லைசர்: நூறு எண்களில் நான் நம்புவது ஒன்றை

கொழும்பில் கதிரியக்கப் பிரிவொன்றில் வேலை. ஆய்வுக்காக த்ரீடி ஸ்லைசரையும் அதோடு சேர்ந்து ஓடும் பைரேடியோமிக்ஸையும் சில வருடங்களாகப் பாவிக்கிறேன். இரண்டும் இலவச மென்பொருள்கள்: ஸ்லைசரில் ஸ்கான் படத்திலுள்ள கட்டியின் எல்லையை வரையலாம், பைரேடியோமிக்ஸ் அந்தக் கட்டியை எண்களாக்கும். ஸ்கானில் தெரியும் கட்டியை எண்களாக்கி, யாருக்கு நோய் திரும்பி வரும் என்று முன்கூட்டியே கணிக்கலாமா என்பதுதான் எங்கள் கேள்வி.

எல்லை வரைவதில் ஸ்லைசர் கெட்டிக்காரன். சில அடுக்குகளில் கட்டியையும் சுற்றியுள்ள தசையையும் தீட்டிவிட்டால் மிச்சத்தை அதுவே நிரப்பும். நுரையீரலில் தனித்து நிற்கும் கட்டி என்றால் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். வாய்ப் புற்றுநோய்தான் எல்லை வரைகிற எங்கள் உயிரை எடுக்கும். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தால் இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது அதுதான், தவிர்க்கவும் முடியாது. பல்லை அடைத்த உலோகம் சிடி படத்தில் கோடு கோடாய்ச் சிதறும். மென்பொருளோ அந்தக் கோடுகளையும் கட்டியின் இழையமைப்பாக (படத்தில் கட்டிக்குள் வெளிச்சமும் இருளும் கலந்திருக்கும் விதமாக) எடுத்துக்கொண்டு, ஐந்தாறு தசமதானம் வரை துல்லியமாய் எண் தரும்!

ஒரு கட்டிக்கு நூறுக்கும் மேற்பட்ட எண்கள் வரும். நான் முதலில் பார்ப்பது கனவளவை. 1 மில்லிமீற்றர் அடுக்கில் எடுத்த ஸ்கானை 5 மில்லிமீற்றராக்கிப் பாருங்கள்: கட்டி அதேதான், இழையமைப்பு எண்களில் பல வேறாகிவிடும். கனவளவு அவ்வளவு ஆடாது. 2014இல் நேச்சர் கொம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, நுரையீரல், தலை-கழுத்துப் புற்றுநோய்களில் நான்கு பட அளவீடுகளைக் கொண்டு ஆயுளைக் கணித்துப் பெயர் வாங்கியது. 2019இல் வேறொரு குழு அதைத் திரும்ப ஆராய்ந்தபோது, கணிப்பின் பலம் பெரும்பாலும் கட்டியின் கனவளவிலிருந்தே வந்தது தெரிந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

சரி, கனவளவுக்கு இவ்வளவு பாடு எதற்கு, கட்டி சுருங்கியதா வளர்ந்ததா என்று விட்டத்தை வைத்து மதிப்பிடும் ரெசிஸ்ட் முறைப்படி, அளவுகோல் வைத்து அளந்தால் போதாதா? உருண்டைக் கட்டிக்குப் போதும். விட்டம் 30 சதவீதம் குறைந்தால் கனவளவு ஏறக்குறைய 66 சதவீதம் குறைந்திருக்கும். நாக்கின் ஓரமாகப் படர்ந்த கட்டிக்கு எது விட்டம் என்று இரண்டு டொக்டர்மாரைக் கேட்டால் இரண்டு பதில் வரும்.

நோயறிதலுக்கு அனுமதி பெற்ற மென்பொருள் அல்ல இது, அதனால் நோயாளியின் அறிக்கையில் இந்த எண்களை நாங்கள் எழுதுவதில்லை. ஆய்வு தொடங்குகிறவர்கள் மெல்லிய அடுக்குகளோடு முழு டைகொம் கோப்புகளையும் (ஸ்கான் இயந்திரம் அளவு விவரங்களோடு தரும் மூலப் படங்கள்) கேட்டு வாங்குங்கள். வெறும் ஜேபெக் படங்களை இறுவட்டில் போட்டுக் கொடுக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த இறுவட்டிலிருந்து நம்பக்கூடிய ஒரு எண்ணும் எடுக்க முடியாது.