அம்மாவோட ரேகைன்னு யாரோடதையோ பதிச்சுக் குடுத்துட்டாங்க, நினைவு நகை செய்யக் குடுக்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

இதை டைப் பண்றப்பவே கை நடுங்குது. நேத்து சாயந்திரம்தான் இங்க சிங்கப்பூர் தேக்கால ஒரு பத்தர்கிட்ட காட்டி, அது தங்கமே இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டோம், ராத்திரி பூரா நானும் அக்காவும் தூங்கல. 1,280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போச்சு. அதோட அம்மாவோட அரைப்பவுன் தோடும் போச்சு. வேற யாரும் இப்படி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன், என்னென்ன கவனிக்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

கடை பேரைப் போடல. புகார் குடுக்குறதுக்கு முன்னாடி பேரைப் போட்டு வேற வம்பு வந்துடக் கூடாதுன்னு தம்பி கண்டிப்பா சொல்லிட்டான். தேக்கால ஷோகேஸ் வச்சு வியாபாரம் பண்ற நகைக்கடை கிடையாது. ஆன்லைன்ல ஆர்டர் எடுத்துக்கிட்டு, கிழக்குப் பக்கம் ஒரு தொழிற்பேட்டை பில்டிங்ல சின்ன ரூம் ஒண்ணு வச்சு அதை ஸ்டூடியோன்னு சொல்லிக்கிட்டு, இறந்து போனவங்க நினைவா நகை செஞ்சு தர்ற இடம். ரேகை பதிச்ச பென்டன்ட், கையெழுத்து பொறிச்ச மோதிரம், முடி வச்ச லாக்கெட், சாம்பலை ரெசின்ங்கற பிசின்ல கலந்து கல்லு மாதிரி ஆக்கின பென்டன்ட், இதெல்லாம் அவங்க பக்கத்துல அழகழகா போட்டோ போட்டிருக்காங்க, கீழ அழுதுக்கிட்டே நன்றி சொல்ற கமென்ட் நிறைய.

அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. மண்டாய் சுடுகாட்டுல தகனம், மறுநாள் அஸ்தி எடுத்து கடல்ல கரைச்சாச்சு, பதினாறாம் நாள் கருமாதியும் முடிஞ்சுது. எங்க பக்கத்து வீட்டு சீனக் குடும்பம் அவங்க பாட்டிக்கு மண்டாய்ல அஸ்தி வைக்கிற மாடம் வாங்கியிருக்காங்க, சிங் மிங்னு முன்னோரைக் கும்பிடுற நாள் வந்தா குடும்பத்தோட போயிட்டு வருவாங்க. நமக்கு அப்படி போய் நிக்க ஒரு இடம் கிடையாது, எல்லாத்தையும் தண்ணில விட்டுட்டு வந்துடுறோம், அதுதான் முறை, அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா கையில தொட்டுப் பாக்க ஏதாவது ஒண்ணு வேணும்னு மனசு கிடந்து அடிச்சுக்கும். அனுபவிச்சவங்களுக்குப் புரியும்.

எங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சு. அம்மா ஹாஸ்பிஸ்ல, அதாவது கடைசிக்காலப் பராமரிப்பு இல்லத்துல இருந்தப்ப ஒரு நர்ஸ் ஒரு அட்டையில அம்மாவோட வலது கட்டைவிரலை மையில ஒத்தி எடுத்துக் குடுத்தாங்க. அம்மாவுக்கு அப்ப கைல வலுவே இல்ல, நர்ஸ்தான் விரலைப் பிடிச்சு இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் மெதுவா உருட்டினாங்க. அவ்வளவு தெளிவா வந்துச்சு. அம்மாவுக்கு அந்த விரல்ல ஒரு வெட்டுத் தழும்பு உண்டு, கல்யாணமான புதுசுல அருவாமனைல பட்டது. அந்த அட்டையில பாத்தா ரேகையெல்லாம் சுழிச்சு சுழிச்சு வந்து நடுவுல சாய்வா ஒரு வெள்ளைக் கோடு அறுத்துக்கிட்டுப் போகும். அந்தக் கோட்டைப் பாத்தாலே அம்மா கைதான்.

அந்த ரேகையைப் பதிச்சு எனக்கு ஒண்ணு அக்காவுக்கு ஒண்ணு பென்டன்ட் செய்யலாம், தலை திவசத்துக்குப் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணி அந்த ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்க இருந்தது நம்ம தமிழ்ப் பொண்ணுதான். உள்ள போனதும் பேரம் பேசல, விலை சொல்லல, முதல்ல தண்ணி குடுத்துச்சு. அட்டையை ரெண்டு கையாலயும் வாங்கி அப்படியே கொஞ்ச நேரம் பாத்துச்சு. "அக்கா, எங்கம்மாவும் இப்படித்தான் போனாங்க, எனக்காகத்தான் முதல் பீஸ் செஞ்சேன்"னு தன் கழுத்துல கிடந்ததை எடுத்துக் காட்டுச்சு. அக்கா அங்கயே உடைஞ்சு அழுதுட்டாங்க. அந்தப் பொண்ணு எந்திரிச்சு வந்து அக்கா முதுகைத் தடவிக் குடுத்துச்சு. இதெல்லாம் பாத்த பிறகு யாருக்கு சந்தேகம் வரும் சொல்லுங்க.

அப்பதான் அம்மா நகை ஏதாவது இருக்கான்னு கேட்டுச்சு. அம்மா கல்யாணத்துலருந்து போட்டிருந்த தோடு, அரைப்பவுன், அக்கா பைல வச்சிருந்தாங்க. "லாக்கர்ல பூட்டி வச்சா என்ன பிரயோஜனம் அக்கா, உருக்கி பென்டன்ட்லயே சேத்துட்டா அம்மா காதுல கிடந்த தங்கம் தினம் உங்க நெஞ்சு மேலயே இருக்கும்"னு சொல்லுச்சு. கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. 18 கேரட்ல ரெண்டு பென்டன்ட், எங்க தங்கம் போக மத்த செலவு, லேசர், செய்கூலி எல்லாம் சேத்து 1,280 வெள்ளி, முழுசா முன்பணம், பேநௌ மட்டும்தான், அதாவது போன்லருந்து நேரா பேங்க்குக்கு அனுப்புறது. கார்டு எடுத்துக்க மாட்டாங்களாம், சின்ன பிசினஸாம். ஸ்கேன் பண்ணித் தரட்டுமான்னு தம்பி கேட்டதுக்கு, வேண்டாம் ஒரிஜினல் அட்டைதான் வேணும், ஸ்கேன்ல கோடு மங்கிடும்னுச்சு. இது சுத்தப் பொய், நல்ல ஸ்கேனோ தெளிவான போட்டோவோ இருந்தாலே லேசர் மெஷினுக்குப் போதும்னு இப்ப விசாரிச்சதுல எல்லாரும் சொல்றாங்க. தோட்டை நிறுத்துப் பாக்கல, ரசீதுல "கஸ்டமர் கோல்டு"ன்னு ஒரே வரி, எத்தனை கிராம்னு கிடையாது. கேட்டதுக்கு "பட்டறைல நிறுத்து மெசேஜ் பண்றோம் அக்கா"ன்னு சொல்லுச்சு. அந்த மெசேஜ் இன்னைக்கு வரைக்கும் வரல.

அதுக்கப்புறம்தான் சாக்கு மேல சாக்கு. முதல்ல சீனப் புத்தாண்டுக்கு பட்டறை லீவுன்னாங்க. அப்புறம் லேசர் மெஷின் ரிப்பேர். அப்புறம் பாத்தா செய்றது இங்கயே இல்லையாம், "எங்க பார்ட்னர் வொர்க்‌ஷாப்" வெளிநாட்டுல இருக்காம், அங்கருந்து பார்சல் லேட்டாம். எங்கம்மா தோடு நாடு தாண்டிப் போயிருக்குன்னு எங்களுக்கு அப்பதான் தெரியும்! அக்கா அக்கான்னு கூப்பிட்ட பொண்ணு போனே எடுக்கல, வாட்ஸ்அப்ல "ஹாய் டியர், நோட்டட், டீம் வில் அப்டேட்"னு யாரோ பதில் போடுறாங்க. திவசத்துக்கு வேணும்னு எத்தனை தடவை சொல்லியிருப்போம். திவசமும் வந்துச்சு, ஐயர் வந்து எல்லாம் முடிஞ்சு இலை போட்டு சாப்பிட்டும் ஆச்சு, பென்டன்ட் வரல. அன்னைக்கு அக்கா ஒரு வார்த்தை பேசல.

கடைசில கூரியர்ல ஒரு டப்பா வந்துச்சு. திறந்தா ரெண்டு பென்டன்ட். அடியில அம்மாவோட அட்டை, டப்பாக்குள்ள நுழையணும்னு நாலா மடிச்சு! மடிப்பு சரியா அந்த ரேகை மேல விழுந்து மை உதிர்ந்திருக்கு. அதுக்கே எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. அப்புறம் பென்டன்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல அட்டை பக்கத்துல வச்சுப் பாத்தேன். வட்டம் வட்டமா அழகா சுழி இருக்கு. வெள்ளைக் கோட்டைக் காணோம். திருப்பிப் பாத்தேன், தலைகீழா பாத்தேன், அக்கா பென்டன்டை எடுத்துப் பாத்தேன், ரெண்டுலயும் ஒரே ரேகை, தழும்பு இல்ல, சுழி ஓடுற திசையே வேற. ஏதோ கம்ப்யூட்டர்ல கிடக்குற ரெடிமேட் ரேகைப் படத்தை எடுத்து அடிச்சு அனுப்பியிருக்காங்க. எங்கம்மா விரலே இல்ல அது.

உடனே வாட்ஸ்அப்ல ரெண்டையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். வந்த பதில் என்ன தெரியுமா? "சின்ன சைஸ்ல பண்ணும்போது எல்லார் ரேகையும் ஒரே மாதிரிதான் தெரியும் டியர்." நாக்கு கூசாம எப்படி டைப் பண்ண முடியுது? அடுத்தது, "பர்சனலைஸ்டு ஐட்டம், நோ ரீஃபண்ட்."

ரேகையே பொய்னா தங்கம் மட்டும் எப்படி உண்மையா இருக்கும்னு நேத்து தேக்காவுக்கு எடுத்துட்டுப் போனோம். அம்மாவுக்குப் பழக்கமான பத்தர், வயசானவர். பின்னாடி 18 கேரட்டுக்கான 750ன்னு முத்திரை இருக்கு ஐயான்னு காட்டினேன். அவர் கைல வாங்கின உடனே முகம் மாறிடுச்சு. ஓரத்துல அரத்தை வச்சு லேசா ராவினார், மஞ்சளுக்குக் கீழ வெள்ளையா தெரிஞ்சுது. உரைகல்ல தேச்சு ஆசிட் ஒரு சொட்டு விட்டார். "சில்வர்மா, மேல முலாம். உங்கம்மா தோடு இதுக்குள்ள இல்ல"ன்னார். அக்கா கடை வாசப்படியிலயே உக்காந்துட்டாங்க. அவர் சொன்னதைக் கேளுங்க, அவர்கிட்ட பழைய நகை உருக்கக் குடுத்தா குடுக்குறவங்க முன்னாடியே நிறுத்து, எடையை சீட்டுல எழுதிக் குடுத்துட்டு, அவங்களை உக்கார வச்சுட்டுதான் உருக்குவாராம். காலங்காலமா அப்படித்தானாம்.

இந்த முத்திரை விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. இந்தியாவுல 2021லருந்து ஹால்மார்க் கட்டாயம், அதனால ஊர்லருந்து வந்தவங்க முத்திரை இருந்தா அரசாங்கம் சோதிச்சதுன்னு நினைச்சுக்கிறாங்க. சிங்கப்பூர்ல ஹால்மார்க் கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டவங்கதான் சோதனைக்கு அனுப்புவாங்க. 750ன்னு ஒரு நம்பரை யார் வேணாலும் அடிச்சுக்கலாம்.

தேக்காவுலருந்து நேரா அந்த ஸ்டூடியோவுக்கே போயிட்டோம். அந்தப் பொண்ணு இல்ல, வேலைக்கு இருக்குற ஒரு பையன் மட்டும் இருந்தான், "எனக்கு எதுவும் தெரியாது அண்ணா, பாஸ்கிட்ட சொல்றேன்"னு தம்பிகிட்ட திரும்பத் திரும்ப அதையே சொன்னான். நான் மேஜையைப் பாத்தேன். ஒரு பிளாஸ்டிக் ட்ரேல சின்ன சின்ன ஜிப் பை, ஒண்ணுல நரைச்ச முடி, ஒண்ணுல சாம்பல், பாதிக்கு மேல பேரே ஒட்டல, ஒண்ணு ரெண்டுல பேனாவால ஏதோ இனிஷியல். எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்களுக்காவது ஒரு தழும்பு இருந்துச்சு, கண்டுபிடிச்சோம். சாம்பல் குடுத்தவங்க என்ன செய்வாங்க? அவ்வளவு சூட்டுல எரிஞ்ச சாம்பல்ல டிஎன்ஏ தேறுறது ரொம்பக் கஷ்டம், யாரோட சாம்பல்னு சோதிச்சு நிரூபிக்க வழியில்ல. ரெசின்ல கலந்து இறுகிட்டா பிரிச்சு எடுக்கவும் முடியாது. ஒரு தாயோட சாம்பல் இன்னொரு வீட்டுப் பிள்ளை கழுத்துல தொங்கினாலும் தெரியவே தெரியாது. இதை நினைச்சா எங்க 1,280 வெள்ளி கூட மறந்து போகுது.

பர்சனலைஸ்டுன்னா ரீஃபண்ட் இல்லன்னு அவங்க எழுதி வச்சிருக்கறதைப் பாத்து வாயடைச்சு நிக்காதீங்க. மனசு மாறி வேண்டாம்னு சொல்றது வேற, சொன்ன பொருளையே குடுக்காம ஏமாத்துறது வேற. 18 கேரட்னு சொல்லி சில்வர் குடுத்தா எந்த போர்டு மாட்டியும் தப்பிக்க முடியாது. 2012லருந்து இங்க லெமன் லான்னு, குறையுள்ள பொருளுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்குற சட்டம் இருக்கு, வாங்கி ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா அது குடுக்கும்போதே இருந்த குறைன்னுதான் எடுத்துப்பாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். பயனீட்டாளர் சங்கத்துக்கு எழுதப் போறோம், ஸ்மால் கிளெய்ம்ஸ்ங்கற சிறு தொகை வழக்கு மன்றத்துலயும் போடப் போறோம். 20,000 வெள்ளி வரைக்கும் அங்க போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீலுக்கு அங்க இடமில்ல, நம்மளே பேசணும், 5,000 வெள்ளிக்குள்ளன்னா தனி ஆளுக்கு கட்டணம் 10 வெள்ளிதான், ஆன்லைன்லயே போட்டுடலாம். தோடு விஷயத்துக்கு போலீஸ் ரிப்போர்ட் தனியா. அது பொருள் சரியில்லங்கற கணக்கு இல்ல, எங்க பொருளை எடுத்துக்கிட்டாங்க.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப முடியல, தலை வெடிக்குது, அவசரத்துக்கு இதை மட்டும் வச்சுக்கோங்க. ஒரே ஒரு ஒரிஜினல் இருக்குற எதையும், அட்டையோ கடுதாசியோ, கையை விட்டுக் குடுக்காதீங்க, ஸ்கேன் குடுங்க, ஒத்துக்கலன்னா எந்திரிச்சு வந்துடுங்க. தங்கம் குடுத்தா கண்ணு முன்னாடி நிறுத்து கிராம் எழுதி கையெழுத்து வாங்குங்க, போட்டோ எடுத்துக்கோங்க. முழுப் பணத்தையும் பேநௌல அனுப்பாதீங்க, போனா திரும்ப வராது, கார்டுன்னா பேங்க்ல தகராறு பதிய வழியாவது இருக்கு. தங்க நகை வியாபாரம் பண்றவங்க 2019லருந்து சட்ட அமைச்சுல பதிவு பண்ணியிருக்கணும், பட்டியல் இணையத்துல இருக்கு, பேரைத் தேடிப் பாருங்க. எங்க வச்சு செய்றாங்கன்னு எழுத்துல கேளுங்க. சாம்பல், முடி குடுக்குறதா இருந்தா எல்லாத்தையும் குடுத்துடாதீங்க, வீட்ல கொஞ்சம் வைங்க.

இதே மாதிரி இடத்துல குடுத்து இழுத்தடிக்கிறாங்கன்னா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ரசீது, வாட்ஸ்அப் எதையும் அழிச்சிடாதீங்க. தம்பி எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அடுக்கிக்கிட்டு இருக்கான், திங்கக்கிழமை புகாரைப் போடுறோம். 1,280 வெள்ளியை மட்டும் திருப்பிக் குடுத்து எங்க வாயை அடைச்சிடலாம்னு அவங்க நினைச்சா நடக்காது. தோடு எங்க இருக்குன்னு அந்தப் பொண்ணு எங்க அக்கா முகத்தைப் பாத்து பதில் சொல்லணும்.