மார்கழிப் பனியில் தீனிச் சந்தை: எந்தக் கடையில் நிற்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்

ஈரோட்டுக்கும் காங்கயத்துக்கும் நடுவில் ஒரு சிறு ஊர். மார்கழிக் கடைசியில் தொடங்கிப் பொங்கல் நோம்பி வரைக்கும், பொழுது சாய்ந்தால் அங்குள்ள மைதானத்தில் நாற்பது கடைக்கு மேல் விரிக்கிறார்கள். பேனரில் உணவுத் திருவிழா என்று போட்டிருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அது தீனிச் சந்தைதான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சந்தகைக்காகவும் கொள்ளு ரசத்துக்காகவும் தாராளமாகப் போகலாம். ஒப்பிட்டை, அதாவது போளியை, கல்லிலிருந்து எடுக்கும்போதே கையில் வாங்க வேண்டும். அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேக வைக்கும் அரிசிம்பருப்பு, போகும் நேரத்தைப் பொறுத்தது. வஞ்சரம் வறுவலுக்குக் காசு தண்டம்.

இந்தத் தரவரிசையைப் பாதி பனியே முடிவு செய்துவிடுகிறது. தை பிறக்கும் சமயத்தில் இந்தப் பக்கம் ராத்திரி வெப்பம் 18, 19 டிகிரி வரை இறங்கும். மலைவாசிகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் திறந்த மைதானத்தில், வாடைக்காற்றில், பாக்குமட்டைத் தட்டில் பரப்பிய சோறு ஐந்தே நிமிடத்தில் ஆறிப்போக இது போதும். 24 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறையும். நெய்யும் விழுந்த இடத்திலேயே வெள்ளைத் திட்டாக நிற்கும். ஆகவே இங்கே கைப்பக்குவத்தை விட, ஒரு தடவைக்கு எவ்வளவு கொஞ்சமாகச் செய்கிறார்கள் என்பதைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம்.

அந்தக் கணக்கில் சந்தகைக் கடைதான் முதலிடம். வெளியூர்க்காரர்கள் இடியாப்பம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டும் வேறு. இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்த பிறகு வேக வைப்பார்கள். சந்தகையை வேக வைத்த பிறகுதான் பிழிய வேண்டும். புழுங்கலரிசியை நாலு மணி நேரம் ஊற வைத்து, உப்புப் போட்டு, இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக, விரலில் தேய்த்தால் நெறுநெறுப்பே தெரியாத அளவுக்கு ஆட்டிக்கொள்ள வேண்டும். உளுந்து கிடையாது, புளிக்கவும் விடக்கூடாது. இட்லித் தட்டில் ஊற்றிப் பதினைந்து நிமிடம் வேக வைத்து, ஆவி பறக்க எடுத்து அச்சில் போட்டுத் திருக வேண்டும். இந்தக் கடையில் மூன்று கால் வைத்த இரும்புத் திருகு மிஷின் இரண்டு வைத்திருக்கிறார்கள். ஒரு ஈடு வெந்துகொண்டிருக்கும்போது முந்தைய ஈட்டைப் பிழிகிறார்கள். கடைக்கார அம்மா ஒவ்வொருவரிடமும் "இருந்து சூடா வாங்கிக்கிறீங்களா, இல்லீனா இதையே தரட்டுங்களா?" என்று கேட்கிறார். இருந்தே வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது. வெந்த மாவு ஆறினால் இறுகும். பிறகு திருக இரண்டு ஆள் பலம் வேண்டும். வருகிற இழையும் விரல் நீளத்தில் ஒடிந்து விழும். வீட்டில் சந்தகை வராமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், அரிசியைத் திட்டுவதில் பயனில்லை. இன்னொரு தவறு இந்தப் பருவத்துக்கே உரியது. அப்போதுதான் அறுவடையான புது அரிசியைப் போட்டால் மாவு கொழகொழத்து, இழை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பழைய அரிசிதான் சரி. புது அரிசி மட்டுமே கையில் இருந்தால் மாவை இன்னும் கெட்டியாக ஆட்டிக்கொள்ளலாம். இழைக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போடலாம், மெல்லிசாக, நீளமாக, கையில் எடுத்தால் தொங்குகிறது.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் தருகிறார்கள். இதில்தான் ஒரு குறை. பால் கெட்டியான முதல் பால்தான், ஏலக்காயும் அளவாக இருந்தது. ஆனால் ஆறாமல் இருக்கட்டும் என்று அதை அடுப்பு ஓரத்தில் வைத்து, சர்க்கரையையும் அதிலேயே கொட்டிவிடுகிறார்கள். எட்டு மணிக்கு மேல் போனவர்களுக்குத் திரிந்த பால்தான் கிடைத்தது. ஒரு பெரிய தேங்காய்ப் பாலுக்கு நூறு கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் தனியாகக் கரைத்து, மண்ணும் கரும்புத் தூசியும் போக வடிகட்டி, ஆறிய பிறகு பாலில் சேர்த்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. சூடு சந்தகையில் இருந்தால் போதும், பாலில் வேண்டாம். எலுமிச்சம்பழச் சந்தகையும் உண்டு. தாளிப்பில் கடலைப்பருப்பு கருகவில்லை, சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விட்டதால் கசப்பும் இல்லை. இரண்டில் ஒன்றுக்குத்தான் வயிற்றில் இடம் என்றால் எலுமிச்சையை எடுக்கலாம்.

நாட்டுச்சர்க்கரை என்றதும் பக்கத்துக் கடையில் கிலோக் கணக்கில் விற்பதையும் சொல்லியாக வேண்டும். கவுந்தப்பாடிச் சர்க்கரை என்று அட்டை தொங்குகிறது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்து ஏலத்தில்தான் பழனி தேவஸ்தானம் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை எடுக்கிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்தே எதையும் விற்றுவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தக் கடையில் இரண்டு சாக்கு இருந்தது. ஒன்று பொன்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று; மற்றொன்று பழுப்பாக, ஈரப்பசையோடு. கூட்டம் மஞ்சளைத்தான் அள்ளியது. பழுப்பை வாங்குங்கள். பாகு காய்ச்சும்போது நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டால்தான் பெரும்பாலும் அந்த மஞ்சள் வரும். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக் கட்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். நல்ல சர்க்கரை மாவாக அமுங்கிக் கையில் ஒட்டும். கண்ணாடித்தூள் மாதிரி மினுமினுவென்று மணி நின்றால் அதில் அஸ்கா, அதாவது வெள்ளைச் சர்க்கரை, கலந்திருக்கிறது. பழுப்புச் சர்க்கரையை இந்தப் பனியில் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டிக்கொள்ளும்; காற்றுப் புகாத டப்பாவில்தான் வைக்க வேண்டும்.

கொள்ளு ரசம் சிறு டம்ளரில் கிடைக்கிறது. கடை சின்னது, அண்டாவும் சின்னது, அதனால்தான் ருசி. கொள்ளை வறுத்துவிட்டு வேக வைத்ததால் பச்சை வாடை இல்லை. ஒரு படி கொள்ளுக்கு ஆறு படி தண்ணீர் ஊற்றி வேக விட்டு, வடித்த தண்ணீரில் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, நுரை கட்டும்போது இறக்குகிறார்கள். கொதிக்க விட்டால் ரசம் கடுத்துவிடும் என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. வெந்த கொள்ளை வீணாக்காமல் சின்ன வெங்காயம், வரமிளகாய், கொத்தமல்லி விதை, சீரகம் சேர்த்துக் கடைந்து கொள்ளுப் பருப்பாக்கி, சூட்டுச் சோற்றோடு தனியாகவும் தருகிறார்கள். பருப்பில் ஓரிரு மணி வேகாமல் பல்லில் பட்டது. அது பழைய கொள்ளின் குணம், எவ்வளவு நேரம் ஊறினாலும் மசியாது.

அரிசிம்பருப்புக் கடையில் கூட்டம் அதிகம், பெரிய அண்டாவும் அங்கேதான். ஆறரை மணிக்கு முதல் அண்டா திறக்கும்போது வாங்கியவர்களுக்கு ஒரு சாப்பாடு, எட்டரைக்கு வாங்கியவர்களுக்கு வேறொரு சாப்பாடு. ஒரு பங்கு அரிசிக்குக் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடத் துவரம்பருப்பு, மூன்றரைப் பங்கு தண்ணீர் என்பதுதான் வீட்டுக் கணக்கு. அடுப்பிலிருந்து நேராக இலைக்குப் போகும் சோற்றுக்கு அது சரி. இரண்டு மணி நேரம் அண்டாவிலேயே இருக்கும் சோற்றுக்கு அந்தத் தண்ணீர் போதாது. பருப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். பனியும் சேர்ந்தால் கரண்டியில் கேக் மாதிரி வெட்டி எடுக்க வேண்டியதுதான். பக்கத்தில் கொதிதண்ணி வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒரு தடவை ரெண்டு கரண்டி விட்டுக் கிளறினால் சமாளிக்கலாம். அவர்கள் நெய்யைத்தான் ஊற்றினார்கள், அது மேலேயே உறைந்து நின்றது. தாளிப்பில் சின்ன வெங்காயத்தைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள், மிளகு சீரகம் வாசமாக இருந்தது, தேங்காய்ப் பல்லும் கிடைத்தது. செய்முறையில் குற்றமில்லை, அண்டாவின் அளவில்தான் குற்றம்.

பள்ளிபாளையம் சிக்கன் என்று ஏழு கடையில் எழுதிப் போட்டிருந்தது. அதில் ஐந்து கடையில் கறி செக்கச்செவேலென்று இருந்ததைப் பார்த்தாலே போதும், நடையைக் கட்டலாம். பள்ளிபாளையம் சிக்கனில் மிளகாய்த்தூளுக்கோ மசாலாத்தூளுக்கோ வேலை இல்லை. அரைக் கிலோ கறிக்கு இருபது இருபத்தைந்து சின்ன வெங்காயம், விதை நீக்கிய வரமிளகாய் பன்னிரண்டு பதினைந்து, கீற்றாக அரிந்த தேங்காய் ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய். அவ்வளவுதான். விதையை நீக்காமல் போட்டால் காரம் தொண்டையைப் பிடிக்கும். பிராய்லர் கறி தண்ணீர் விடும் என்பதால் மூடி போடாமல் வதக்க வேண்டும். மூடினால் கறி வறுபடாமல் வெந்துபோகும். கடைசி வரிசையில், விறகடுப்பு வைத்திருக்கும் கடையில் இதைச் சரியாகச் செய்கிறார்கள். கேஸ் அடுப்புக் கடைகளுக்கு இன்னொரு தொல்லை. பனியில் விடாமல் பெரிய தீ எரித்தால் சிலிண்டரே குளிர்ந்து, வெளியே வேர்த்து, உள்ளே கேஸ் கால்வாசிக்குக் கீழே போகும்போது தீ சுருங்கிவிடுகிறது. வேர்த்த சிலிண்டர் கண்ணில் பட்டால் அந்தக் கடையில் பொரித்த பண்டம் வாங்காதீர்கள், எண்ணெய் குடித்திருக்கும்.

வஞ்சரம் வறுவலும் சூடு போதாமல்தான் கெட்டது. தகரத் தடுப்பு இல்லாத அகலக்கல், எதிரே வாடைக்காற்று. துண்டைப் போட்டதும் கல்லின் சூடு இறங்கி, மசாலா பிடிக்காமல் உரிந்து எண்ணெயில் மிதந்தது. மீனும் புதிதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓயும் வரை, புயல் எச்சரிக்கை வரும் நாட்களில் கிழக்குக் கரைப் படகுகள் கரையிலேயே நிற்கும். அன்றைக்கு இங்கே கிடைப்பது பழைய ஐஸ் மீனாகவே இருக்கும். பெட்டியில் ஐஸ் உருகிய தண்ணீரிலேயே மீன் கிடந்ததால் சதை சோளக்கூழ் மாதிரி ஆகியிருந்தது. கடல் இல்லாத ஊரில் மீன் தின்றே ஆக வேண்டுமென்றால், பக்கத்திலேயே பவானிசாகர் அணை ஜிலேபி மீன் பொரிக்கிறார்கள். முள் அதிகம், விலை பாதி, சதை கெட்டி.

ஒப்பிட்டுக் கடையில் தேங்காய், பருப்பு இரண்டு வகையும் உண்டு. தேங்காய்ப் பூரணத்தில் பாகு முற்றிப் போனதால் கடிக்கும்போது நார்நாராக வந்தது. பருப்பு ஒப்பிட்டை வாங்கலாம். கம்மஞ்சோற்றுக்கு மோர் ஊற்றித் தருகிறார்கள், இந்தக் குளிரில் அது யாருக்கு என்று புரியவில்லை. கம்பு மாவைப் பொட்டலம் போட்டு விற்பதையும் வாங்க வேண்டாம். அரைத்த கம்பு சில நாளிலேயே சிக்குப் பிடித்துக் கசக்கும், பொட்டலத்தில் அரைத்த தேதியும் இல்லை. வேக வைத்த பனங்கிழங்கும் கடலைக்காயும் நுழைவாயிலிலேயே கிடைக்கின்றன, விலையும் நியாயம். கிழங்கின் நடுவில் இருக்கும் குருத்து நாரை உருவிவிட்டுத் தின்னுங்கள்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் மாலை போட்டவர்களும் வருவதால் சைவக் கடைகளைத் தனி வரிசையாகப் பிரித்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. கை கழுவும் குழாய் இரண்டுதான், அதுவும் மீன் கடைக்குப் பின்னால். கூட்டம் சேர்ந்தால் செல்போன் சிக்னல் படுத்துவிடுவதால் ஜிபேயை நம்பாமல் சில்லறை கொண்டுபோகலாம். வண்டியை மைதானத்துக்குள் விட்டால் பனியில் நனைந்த மண்ணில் சக்கரம் வழுக்குகிறது. தார் ரோட்டு ஓரமாகவே நிறுத்துங்கள். வீட்டுக்கு வாங்கிப் போக எடுத்துப்போகும் பாத்திரம் எவர்சில்வர் தூக்காக இருக்கட்டும், கடையில் தரும் பாலித்தீன் கவரில் சூட்டு ரசத்தை வாங்காதீர்கள். ஆறேகாலுக்குள் உள்ளே போனால் முதல் ஈடு சந்தகையும் முதல் அண்டா அரிசிம்பருப்பும் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் சந்தகைக் கடையில் மாவு தீர்ந்துவிடும், சர்க்கரைக் கடை மட்டும் திறந்திருக்கும்.