புது வினைல் கூரை போட்ட பழைய லிங்கன் காரா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

போன செப்டம்பரில் ஒரு 1971 லிங்கன் கான்டினென்டல் மார்க் த்ரீ வாங்கினேன். விலை 23,500 டாலர். இன்று அது பின் கண்ணாடி கழற்றி, தகரக் கூரையின் மேல் புதிதாக ஒட்டியிருந்த வினைலை (தோல் போன்ற பிளாஸ்டிக் உறையை) உரித்த கோலத்தில் என் கராஜில் நிற்கிறது. நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பழைய அமெரிக்கக் கார்கள் மேல் ஆசை வைத்திருக்கும் நம்மவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறார்கள்; ஒருவர் பணமாவது தப்பட்டும்.

நான் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், நோவை பக்கம். அடுத்த ஊர் விக்ஸம். மார்க் த்ரீ கார்களைச் செய்த ஃபோர்டு ஆலை அங்கேதான் 1957 முதல் 2007 வரை இருந்தது. ஆலை இருந்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஆகஸ்ட் மாத உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் அணிவகுப்பில் முதன்முதலாக ஒரு மார்க் த்ரீயைக் கிட்டத்தில் பார்த்தேன். நீண்ட பானெட், ரோல்ஸ் ராய்ஸ் போல நிமிர்ந்த கிரில், இமை மூடியது போல முகப்பு விளக்குகளை மறைக்கும் மூடிகள், டிக்கியின் மேல் ஸ்டெப்னி வடிவப் புடைப்பு. இரண்டே கதவுள்ள காருக்கு 460 கன அங்குல வி8 எஞ்சின். ஃபோர்டு நிர்வாகி லீ அயகோக்கா காலத்தில், தண்டர்பேர்ட் என்ற இன்னொரு ஃபோர்டு காரின் அடிச்சட்டத்தின் மேல் எழுப்பிய கார் இது. அன்றே மனதில் உட்கார்ந்துவிட்டது.

நான் வாங்கிய கார் தென் மாநிலம் ஒன்றில், அடுத்தவர் கார்களைக் கமிஷனுக்கு விற்றுத் தரும் ஒரு ஷோரூமில் இருந்தது. படங்கள் அறுபதுக்கு மேல். சேஸிஸ் எண்ணை அனுப்பச் சொன்னேன், உடனே வந்தது. 1ஒய்89ஏ என்று தொடங்கியது: 1 என்றால் 1971, ஒய் என்றால் விக்ஸம், 89 என்றால் மார்க் த்ரீ, ஏ என்றால் 460 எஞ்சின். எல்லாம் பொருந்தியதும் மனம் குளிர்ந்துபோனது. அங்கேதான் தப்பு செய்தேன். அந்த எண் பொய் சொல்லவில்லை. ஆனால் தகரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அந்த ஊரிலேயே வேறு ஒரு மெக்கானிக்கை அனுப்பிக் காரைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். நானூறு டாலர் ஆகியிருக்கும். "நாளைக்கு டெக்சஸிலிருந்து ஒருவர் பணத்தோடு வருகிறார்" என்று ஷோரூம்காரர் போனில் சொன்னதைக் கேட்டு அவசரப்பட்டேன். "ஒரு வாரம் பொறுத்தா என்னங்க, காரா ஓடிப்போயிடும்?" என்று என் மனைவி கேட்டாள். நான் கேட்கவில்லை. அன்று இரவே முன்பணம் போனது.

கார் லாரியில் வந்து இறங்கியபோது அழகாகத்தான் இருந்தது. விளக்கு மூடிகளில் ஒன்று பாதி திறந்தே கிடந்தது. அவை வேக்யூமில், அதாவது காற்றை உறிஞ்சும் விசையில் இயங்குபவை. ரப்பர் குழாய் விரிசல் விட்டால் அப்படித்தான் ஆகும். அது சின்ன வேலை, அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. அக்டோபரில் முதல் மழை பெய்தது. மறுநாள் கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாடை. பின் சீட்டைத் தொட்டால் கை நனைந்தது. பின் கண்ணாடியின் கீழ் மூலையில், வினைலின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அப்பளம் நொறுங்குவது போல உள்ளே சத்தம் கேட்டது.

பாடி ஷாப்பில் ஒரு பெரியவர், நாற்பது வருடமாக இதே வேலை பார்ப்பவர், பிளேடால் வினைலைக் கீறி மெல்ல உரித்தார். டிக்கியின் மேல் துருத்தூள் காபிப்பொடி போலக் கொட்டியது. எல்லாவற்றுக்கும் அடியில் ஃபைபர் வலை, அதன் மேல் பட்டிப் பூச்சு, அதன் மேல் பசை, அதற்கும் மேல் புத்தம்புது வினைல். பட்டியைச் சுரண்டியதும் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டையைப் பார்த்துத்தான் யாரோ மூடியிருக்கிறார்கள். அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

இந்த வகைக் கார்களுக்கெல்லாம் வினைல் கூரைதான் எமன். தையல் வழியாகவும், ஓரப் பட்டைகளைப் பிடிக்கும் கிளிப்புகள் வழியாகவும் தண்ணீர் இறங்கும். இறங்கினால் வெளியேற வழியில்லை. அடியில் தகரம் துருப்பிடிக்கும்; புது வினைல் அதை மறைத்துவிடும். அதனால் கூரை பழையதாக, வெளிறிப்போய் இருந்தால்கூட நான் இனி அவ்வளவாகப் பயப்பட மாட்டேன். புதிதாகப் போட்டிருந்தால், போடுவதற்கு முன் வெறும் தகரத்தை எடுத்த படம் எங்கே என்று கேட்பேன். அந்தப் படம் இல்லையென்றால் விலை பேசவே கூடாது. டிக்கியில் பாயைத் தூக்கி டார்ச் அடித்து, பின் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர்த் தடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டிக்கி கீலின் உள்பக்கத்தையும் பார்க்க வேண்டும். என் காருக்கு அசல் பெயின்ட் என்றார்கள். வெளியே கறுப்பு, கீலின் உள்பக்கம் கரும்பச்சை. ஓட்டுநர் கதவிலுள்ள தகட்டின் நிறக் குறியீட்டைப் படித்திருந்தால் வாங்கும் முன்பே தெரிந்திருக்கும்.

ஷோரூமை அழைத்தேன். கார் தங்களுடையது அல்ல, உரிமையாளர் சொன்னதைத்தான் சொன்னோம், உள்ளது உள்ளபடி வாங்குவதாக நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார்கள். அப்புறம் போனையே எடுப்பதில்லை. வக்கீலிடம் போனேன். விளம்பரத்தை நான் சேமித்து வைத்திருந்தது ஒன்றுதான் நல்ல காரியம். விற்றதுமே அவர்கள் அதை நீக்கிவிட்டார்கள். வக்கீல் அதை இரண்டு முறை படித்துவிட்டு ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்: "கண்ணுக்குத் தெரியும் துரு எதுவும் இல்லை." போனில் என்னிடம் சொன்னது "துருவே கிடையாது" என்று. எழுத்தில் இருப்பது இதுதான். துரு கண்ணுக்குத் தெரியாமல்தான் இருந்தது, வழக்கு கடினம் என்றார்.

கூரையின் பின்பாதியை வெட்டி எடுத்து வேறு தகரம் பற்றவைக்க 9,000 டாலர் கேட்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யப் போகிறேன். மேலே வினைல் ஒட்டி இன்னொருவர் தலையில் கட்ட மாட்டேன்.

போன வாரம் அதே ஷோரூம் ஒரு 1973 மார்க் ஃபோரை விற்பனைக்குப் போட்டிருக்கிறது. புது வினைல் கூரை, கண்ணுக்குத் தெரியும் துரு இல்லை, அதே வாக்கியம். ஐம்பது படத்துக்கு மேல் இருக்கிறது. பின் கண்ணாடியின் கீழ் ஓரத்தைக் கிட்டத்தில் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. இப்படி ஒரு காருக்கு முன்பணம் அனுப்பப் போகிறவர்கள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கார் மிச்சிகனுக்குள் இருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு நானே உங்களோடு வருகிறேன்.